வரிசை 218

என் வேலை பார்ப்பது.
பார்ப்பது மட்டும் என்று ஒப்பந்தத்தில்
இரண்டு இடத்தில் எழுதியிருந்தது.

மலாவி ஏரிக்கரையில் ஒரு சுகாதார நிலையம்.
இரவுக்கு ஒரே மருத்துவச்சி, ம்வாண்டிடா.
ஜன்னல் வழியே உசிப்பா மீன் காயும் வாடை.
மூலையில் ஸ்டூல், மடியில் டேப்லெட்,
அதில் பதினொரு பொத்தான்கள்:
தலை தெரிந்தது. பிறந்தது. துடைத்தாள்.
போர்த்தினாள். அழுதது.
நடக்கிற நொடியிலேயே தொட்டுவிட வேண்டும்.
நொடிகளைத் தலைநகரில் லுகானோ கூட்டிக் கழிப்பான்.
எந்த நொடியில் பிள்ளைகளை இழக்கிறோம் என்று
தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பான்.
அதை நான் இன்றும் நம்புகிறேன்.

பயிற்சி மூன்று நாள், ஒரு ரப்பர் பொம்மையோடு.
சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டினார்கள்.
பொம்மையை எங்கள் கையில் தரவில்லை.

நூற்று அறுபத்து நான்கு நினைவிருக்கிறது.
துடைத்தாள், பதினான்காம் நொடி.
முகமூடி வைத்தாள், ஐம்பத்தெட்டு.
எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.
இருபது நிமிடம் காற்றை அழுத்திக் கொடுத்துவிட்டு
ம்வாண்டிடா நிமிர்ந்து மணி கேட்டாள்.
சொன்னேன். அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.
ஒரு கட்டம்கூடக் காலியில்லாத வரிசை.
நல்ல பதிவு என்று லுகானோ செய்தி அனுப்பினான்.

இருநூற்றுப் பதினெட்டு, மார்ச் மழையில்.
எட்டு மணிக்கே மின்சாரம் போய்விட்டது.
முதல் கட்டிலில் மலிட்டாவுக்கு இரத்தம் நிற்கவில்லை;
ம்வாண்டிடாவின் ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேல்,
எடுத்தால் அவள் போய்விடுவாள்.
இரண்டாம் கட்டிலில் ஃபனேசி
வீட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில்
யாரையும் கூப்பிடாமல் பெற்றாள்.

பிறந்தது. தொட்டேன்.
பத்து நொடி. இருபது.
நீலமாக, பிழியாத துணிபோல.
அழைப்பு மணியை அழுத்து என்கிறது நெறிமுறை.
அழுத்தினேன். மின்சார மணி.
ம்வாண்டிடா திரும்பாமலே கேட்டாள்:
"பார்த்துக்கொண்டா இருக்கிறாய்?"
கேள்வியா வசவா, இன்றுவரை தெரியாது.

டேப்லெட்டைத் தரையில் வைத்தேன்.
அறையில் வெளிச்சம் என்று இருந்தது அது ஒன்றுதான்.
ஃபனேசியின் சிட்டெஞ்சேயால் முதுகைத் தேய்த்தேன்.
கழுவி ஆணியில் மாட்டிய பை, இன்னும் ஈரம்.
முகமூடியைப் பதித்தேன், அழுத்தினேன்.
நெஞ்சு எழவில்லை.
இத்தனை இரவு பார்த்ததில் ஏதோ ஒன்று
விரலுக்கு வந்து
தலையைக் கொஞ்சம், ஒரு விரற்கடை, நிமிர்த்தியது.
எழுந்தது.

எத்தனையாவது நொடியில் அழுதது?
தெரியாது.
அப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

விலகல் படிவத்தில் காரணத்துக்கு ஒரு வரி இடம்.
'கை காலியில்லை' என்று எழுதினேன்.
லுகானோ போனில் வந்தான்.
"பிறந்ததற்குப் பிறகு ஒன்றுமே இல்லையே,
அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று?"
சொன்னேன்.
மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மழைச் சத்தம்,
அவன் பக்கத்ததா என் பக்கத்ததா தெரியவில்லை.
"நீக்கத்தான் வேண்டும்" என்றான்.
"நீக்கு" என்றேன்.

மலிட்டா பிழைத்தாள்; அவள் வேறொரு ஆய்வின் கணக்கு.
அறிக்கையில் எங்களுக்கு ஓர் அடிக்குறிப்பு:
ஒரு பிரசவம் சேர்க்கப்படவில்லை.
பரிந்துரையில், இரவுக்கு இரண்டாவது மருத்துவச்சி.
அவள் இன்னும் வரவில்லை.
மணிக்கு மட்டும் பேட்டரி வந்திருக்கிறது.

தடுப்பூசி நாளில் வரிசையில் ஃபனேசி நின்றாள்.
இருட்டில் பார்த்த முகம், என்னை அடையாளம் தெரியவில்லை.
நகருங்கள், மீன் விற்கப் போகணும் என்றாள்.
நகர்ந்தேன்.
ஊசி பட்டதும் முதுகிலிருந்து இறக்கிய அது
வாய் முழுக்கத் திறந்து கத்தியது.
என் கட்டைவிரல் தானாக
வெறுங்காற்றைத் தொட்டது.